தறியை விட்டு எழுந்த பிள்ளைகள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்?

பட்டுத் தறி ஓடும் வீட்டில் பிள்ளை ஓட இடமில்லை. முன்னறையைத் தறி அடைத்துக்கொள்ளும். அதன் முன்னால் இழுத்துக் கட்டிய பாவு நூல், பக்கத்தில் ராட்டை, தார்க்குச்சி போட்டுவைக்கும் கூடை. சுவரோரம் முதலாளி கொடுத்தனுப்பிய ஜரிகை. மிச்சமிருக்கும் இடத்தில்தான் சமையல், தூக்கம், வீட்டுப்பாடம், வந்தவர் போனவரை உட்கார வைப்பது எல்லாம். ஆரணிக்குப் பக்கத்தில் எங்கள் முள்ளிப்பட்டில் தறிக்காரர் வீடு பலதும் இப்படித்தான். நடை பழகும் பிள்ளை தத்தித் தத்தி வந்து பாவைப் பிடித்தால் போச்சு. எண்ணெய்க் கை பட்ட இடம் கறையாகி, சேலையை மடிக்கும்போது பல்லிளிக்கும், கூலியில் பிடிப்பார்கள். குழித்தறி என்றால் பிள்ளை குழிக்குள் விழுந்துவிடுமோ என்ற பயம் வேறு. அதனால் எங்கள் வீட்டுக் குழந்தைகள் பேச்சு புரியத் தொடங்கியதும் முதலில் கேட்கிற கட்டளை, "ஆடாதே, அசையாதே, அங்கேயே உக்காரு" என்பதுதான்.

நான் பத்து வயதுக்கு முன்பே தறியில் உட்கார்ந்தவள். இப்போது முட்டி விட்டுவிட்டது. மகனும் மருமகளும் நெய்கிறார்கள். பேத்தி இரண்டாம் வகுப்பு, பேரனுக்கு நாலு வயது. இரண்டு பேரையும் பார்த்துக்கொள்வது என் வேலை. அதனால் இந்த விஷயத்தில் எனக்குப் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எங்கள் காலத்துக் கதை இளையவர்களுக்குத் தெரியாது. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா கரைக்குத் தனியாக ஓட வேண்டும். நெய்கிறவர் ஒருவரால் இரண்டு பக்கமும் சமாளிக்க முடியாது. ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் பிள்ளைதான். சொந்தப் பிள்ளை இல்லாவிட்டால் அடுத்த தெருப் பிள்ளை, அதன் அப்பா வாங்கிய முன்பணத்துக்காக. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பலகையில் உட்கார்ந்து நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்கணும். ஒன்றுக்குப் போகக்கூட கேட்டுத்தான் எழுந்திருக்கணும். காஞ்சிபுரத்திலும் ஆரணி வட்டாரத்திலும் பட்டுத் தறியில் பிள்ளைகள் உட்கார்ந்த கதை அரசாங்க அறிக்கைகளிலும் இருக்கிறது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம். எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் அந்தத் திட்டம் வந்து, தறியில் இருந்த பிள்ளைகளைச் சிறப்புப் பள்ளிகளில் சேர்த்தார்கள். 2009இல் கட்டாயக் கல்விச் சட்டம். 2016இல் பழைய சட்டத்தைத் திருத்தி, 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்றார்கள். கூடவே, பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம் என்று ஒரு சந்தும் விட்டார்கள். அந்தச் சந்து வழியாகத்தான் இன்றைக்கும் பெண்பிள்ளைகள் சாயந்திரம் தார் சுற்றுகிறார்கள்.

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். தறியில் முழுநாளும் பிள்ளை உட்காரும் காலம் பெரும்பாலும் போய்விட்டது. அது சாதாரண மாற்றம் இல்லை. என் பேத்தி நாடா தள்ளப்போவதில்லை. எனக்கு அது போதும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

இப்போது அவளுடைய ஒருநாளைப் பார்க்கிறேன். காலையில் பள்ளிக்கூடம் போய் உட்காருகிறாள். நாலு மணிக்கு மேல் வீடு. ஐந்து மணிக்கு டியூஷன். அங்கே ஒரு சின்ன ரூமில் இருபது பிள்ளைகள் தோள் இடிக்க உட்கார்ந்திருக்கும். ஏழு மணிக்கு வந்தால் வீட்டுப்பாடம். பிறகு போன். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையிலிருந்தே போன். பேரன் பால்வாடிக்குப் போகிறான். ஒரே அறை. பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள், சத்துமாவு, சாப்பாடு, தூக்கம். டீச்சர் நல்லவர்தான். ஆனால் பதிவேடும், செல்போனில் ஏற்ற வேண்டிய போஷன் டிராக்கர் கணக்கும், வீடு வீடாகப் போகும் வேலையும் அவர் கழுத்தில் தொங்குகின்றன. பிள்ளைகளை வெளியே விட்டால் யார் பார்ப்பது? வீட்டுக்கு வந்தால் தறிச் சத்தத்துக்கு நடுவே வாசற்படியில் போனோடு உட்கார்ந்துவிடுவான். அம்மாவும் அப்பாவும் கண்ணைப் பாவிலிருந்து எடுக்காமல் இருக்க அதுதான் வழி. மருமகளை நான் குறை சொல்ல மாட்டேன். நெய்தால்தான் கூலி. போனும் எனக்கு ஆகாத பொருள் இல்லை, மத்தியானத்தில் பழைய பாட்டு கேட்பவள்தான் நான்.

பிள்ளையின் கையைத் தறியிலிருந்து எடுத்துவிட்டோம். உடம்பை உட்கார்ந்த இடத்திலிருந்து எடுக்கவில்லை. பலகைக்குப் பதில் பெஞ்சு, பெஞ்சுக்குப் பிறகு பாய், பாய்க்குப் பிறகு போன். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

"ஏழைப் பிள்ளைக்கு எக்சர்சைஸ் ஒரு கேடா?" என்று கேட்பார்கள். எங்கள் தெருவிலேயே கேட்டார்கள். அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் அம்மா எங்களை ஓடவிட மாட்டாள். "ஓடினா பசி எடுக்கும்டி, ராத்திரி சோத்துக்கு நான் எங்க போறது" என்பாள். கோபம் கிடையாது அதில், வீட்டுக் கணக்கு. அரைவயிறு சோற்றுக்கு உட்கார்ந்திருந்தால் தாங்கும். பசிக்கு அஞ்சிப் பிள்ளையைக் கட்டிப்போட்டது எங்கள் அம்மா மட்டும் இல்லை.

அந்தக் கணக்கு இன்றைக்குச் செல்லாது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைப் பெரிதாக்கினார். 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. பேத்தி உப்புமாவோ பொங்கலோ பள்ளியிலேயே சாப்பிட்டுவிடுகிறாள். வயிற்றுக்குப் போட்டாயிற்று. போட்டது எலும்பாகவும் சதையாகவும் ஆக வேண்டுமானால் உடம்பு ஆட வேண்டாமா?

என் மகள் வேலூரில் நர்ஸாக இருக்கிறாள். அவள் சொல்லித்தான் சிலது எனக்குத் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒருநாளைக்கு மூன்று மணி நேரமாவது அசைந்தாட வேண்டும். அதில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். ஒரே மூச்சாக ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போட்டதுபோல் வைக்கக் கூடாது. உட்கார்ந்து திரை பார்ப்பதும் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், இன்னும் குறைந்தால் நல்லது. ஐந்து வயதுக்கு மேல், நாளுக்குச் சராசரி ஒரு மணி நேரம் வேர்க்க ஓடினால் போதும். மூன்று மணி நேரம் என்று கேட்டதும் மருமகள் சிரித்துவிட்டாள். ஆனால் அது உடற்பயிற்சி வகுப்பு இல்லை. நடப்பது, ஏறுவது, குதிப்பது, தண்ணீர் தூக்கிவருவது, பாண்டி ஆடுவது எல்லாம் சேர்ந்த கணக்கு. இடமிருந்தால் நாலு வயசுப் பிள்ளை கேட்காமலே அதைச் செய்யும்.

"எம்பிள்ளையே ஒல்லி, ஓடவிட்டா இன்னும் இளைச்சிடும்" என்பது அடுத்த பேச்சு. பூனாவில் யாஜ்னிக் என்று ஒரு சர்க்கரை நோய் மருத்துவர் இருக்கிறார். அவரும் யூட்கின் என்ற இங்கிலாந்து மருத்துவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம் 2004இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் வந்தது. உயரத்துக்கு எடை என்று பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே எண், 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்தியக் குழந்தை எடை குறைவாகப் பிறக்கும்போதே இந்த வாகில்தான் பிறக்கிறது என்று யாஜ்னிக்கின் பூனா ஆய்வு காட்டியது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் நாலில் ஒரு பிள்ளை வயதுக்கேற்ற உயரம் இல்லை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. இதே தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு வெளியானது. குட்டையாகவும் ஒல்லியாகவும் வளர்ந்த பிள்ளை, நாற்பது வயதில் சர்க்கரை மாத்திரையோடு உட்கார்ந்து வேலை செய்கிறது. எங்கள் தெருவில் தறியிலிருந்து எழுந்து மாத்திரை போட்டுவிட்டுத் திரும்ப உட்காருகிறவர்களை நீங்கள் வந்து பார்க்கலாம். ஒல்லிப் பிள்ளைக்குத்தான் சோறும் வேண்டும், ஓட்டமும் வேண்டும்.

இன்னொன்று, எங்கள் ஜாதித் தொழிலுக்கே உயிரானது: கண். ஜரிகை இழை அறுந்தால் கண்டுபிடித்துப் பிணைக்கணும். கண் போனால் தறிக்காரனுக்கு ஒன்றுமில்லை. பகல் வெளிச்சத்தில் திரியும் பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று சீனாவில் நிரூபித்திருக்கிறார்கள். குவாங்சோ நகரத்தில் 12 தொடக்கப் பள்ளிகள். பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள், மீதிப் பள்ளிகளில் வழக்கம்போல. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால், வழக்கப்படி இருந்த பிள்ளைகளில் 39.5 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை. வெளியே போனவர்களில் 30.4. முடிவு 2015இல் வெளிவந்தது. தைவானோ 2010இலேயே பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் இரண்டு மணி நேரம் வெளிவெளிச்சம் என்று திட்டமே போட்டுவிட்டது. கண்ணாடிக் கடைக்குப் போகும் காசை மிச்சப்படுத்த வெயில் போதும் என்றால், வெயிலுக்குக் குறைவில்லாத ஊர் எங்களுடையது. சித்திரை வைகாசி உச்சி வெயிலைச் சொல்லவில்லை. காலையும் சாயந்திரமும் இருக்கிறதே.

எங்கே விளையாடுவது என்று பாருங்கள். முன்பு காலையில் தெருவில் பாவு நீட்டிப் போடுவார்கள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நூல் நிற்கும். ஒரு வண்டி உள்ளே வர முடியாது. பாவு எடுத்ததும் அந்தத் தெரு எங்களுடையது. தறியில் உட்கார்ந்த பிள்ளைகள்கூட அந்தக் கொஞ்ச நேரம் நொண்டி ஆடியதும் பச்சைக்குதிரை தாண்டியதும் அங்கேதான். கமண்டல நாகநதியில் தண்ணீர் இல்லாத மாதங்களில் மணலில் சடுகுடு. இப்போது தெருவில் பைக்குகள் பறக்கின்றன, ஆற்றோரம் சீமைக் கருவேலம். சாயந்திரமானால் நாய்கள். ஆரணியில் கோட்டை மைதானம் பெரிசுதான். நாலு வயசுப் பிள்ளையைத் தினம் யார் அங்கே கூட்டிப்போவது? மிஞ்சியது பள்ளிக்கூட வளாகம். கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக்கு விளையாட்டு மைதானமும் விளையாட்டுச் சாமானும் இருக்க வேண்டும் என்று எழுதியே இருக்கிறது. இருக்கிற மைதானத்துக்கும் நாலரைக்குப் பூட்டு. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் கேட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்டோம். "யாராவது குடிச்சிட்டு வந்து பாட்டில் உடைச்சா யார் பொறுப்பு" என்றார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் பாட்டில்காரன் சுவர் ஏறிக் குதித்து வந்துகொண்டுதான் இருக்கிறான். பூட்டு தடுத்தது பிள்ளைகளை மட்டும்.

அரசாங்கம் விளையாட்டுக்குச் செலவே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2024இல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்கத் தொடங்கினார்கள். கிரிக்கெட் மட்டை, வாலிபால் என்று 33 வகைச் சாமான். நல்லதுதான். யார் கைக்குப் போகிறது? பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் கைக்கு. சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பொறுக்கிப் போடும் வேலை. பெண்பிள்ளைகளுக்கு அந்த வேலைகூட இல்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கண்ணகி நகர் கார்த்திகா கபடியில் தங்கம் வாங்கி வந்தபோது நாடே கொண்டாடியது. சென்னை குடிசைகளிலிருந்து தூக்கிக் குடியமர்த்தப்பட்டவர்களின் நகர் அது. எனக்கும் கண் கலங்கியது. ஆனால் பதக்கம் வாங்கிய பிறகு மாலை போடுவது எளிது. ஒரு கார்த்திகா வர, ஒரு தெருப் பிள்ளைகள் முழுக்க ஐந்து வயதிலேயே தினம் ஓடியிருக்க வேண்டும். பதக்கம் வாங்காத மீதிப் பிள்ளைகளுக்கும் முட்டி, முதுகு, இருதயம் எல்லாம் இருக்கின்றன.

இதற்குப் பெரிய காசு வேண்டாம் என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஓர் எடுத்துக்காட்டு. ஸ்டெர்லிங் ஊரில் செயின்ட் நினியன்ஸ் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை எலைன் வைலி, பிள்ளைகளுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து 2012இல் ஒரு காரியம் செய்தார். தினமும் 15 நிமிடம், வகுப்போடு வெளியே போய், ஓடுவதோ நடப்பதோ அவரவர் இஷ்டம். உடை மாற்ற வேண்டாம், சாமான் வேண்டாம், போட்டி கிடையாது, முதலாவது கடைசி கிடையாது. 'டெய்லி மைல்' என்று பெயர். இன்றைக்குப் பல நாடுகளில் நடக்கிறது. நம் தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே கிடையாது. 2012இல் நியமித்த பகுதிநேர ஆசிரியர்களும் ஆறாம் வகுப்பு முதல் உள்ளவர்களுக்குத்தான். அதாவது உடம்பு உருவாகும் வயதில் ஆசிரியர் இல்லை, உருவான பிறகு பகுதிநேரம். ஆளைப் போடும்வரை காத்திருக்க வேண்டாம். வகுப்பு டீச்சரே பிள்ளைகளோடு 15 நிமிடம் வளாகத்தைச் சுற்றலாம். சீருடை அழுக்காகும் என்று அம்மாக்கள் சண்டைக்கு வருவார்கள்; வருடத்துக்கு நாலு செட் கொடுக்கிறார்கள், துவைத்துக்கொள்ளலாம்.

சாயந்திரத்துக்கும் வழி நம் மாநிலமே காட்டியிருக்கிறது. கொரோனாவில் படிப்பு விட்டுப்போனதென்று 2021இல் இல்லம் தேடிக் கல்வி கொண்டுவந்தார்கள். அந்தந்தத் தெருப் பெண்களையே தன்னார்வலராக்கி, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்து, சாயந்திரம் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் டிகிரி முடித்துக் கல்யாணமாகி வந்த பெண்கள் அதை எவ்வளவு ஆசையாகச் செய்தார்கள் என்று நான் பார்த்தேன். அதே ஏற்பாட்டை விளையாட்டுக்குச் செய்யுங்கள். தெருவுக்கு இரண்டு பெண்கள். ஐந்து மணியிலிருந்து ஆறரை. பள்ளி கேட்டுச் சாவி அவர்கள் கையில். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் அந்த நேரம். பெரிய பையன்கள் ஆறரைக்கு மேல் வந்து ஆடிக்கொள்ளட்டும். ஆயிரம் ரூபாய் இன்றைக்குப் போதாது, கூட்டிக் கொடுக்கட்டும். பெண்கள் இருந்தால் பெண்பிள்ளையை அனுப்ப அம்மாக்களுக்குத் தயக்கம் இருக்காது. பாட்டில் பயமும் குறையும். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் குடிகாரன் உட்கார மாட்டான்.

பால்வாடிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கயிறும் மணலும் ஏறி இறங்க நாலு படியும் போதும். பிளாஸ்டிக் சறுக்குமரம் வாங்கி, உடைந்த பிறகு ஓரமாகப் போட வேண்டியதில்லை. டீச்சரின் பதிவேட்டைக் குறைத்துவிட்டுக் காலையில் அரை மணி நேரம் வெளியே விடச் சொன்னால் அவர் விடுவார்.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. சேலை எந்த ஊரில் நெய்தது என்று காப்பாற்றச் சட்டம் இருக்கிறது. நெய்கிற வீட்டுப் பிள்ளை நிமிர்ந்து நடக்கிறதா என்று பார்க்க ஒரு குழுவும் இருக்கிறது, நாம்தான் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெரும்பாலும் பெற்றோர்தான் உறுப்பினர்கள். தலைவர் பொறுப்பில் ஓர் அம்மாதான் இருப்பார். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, தறி நிற்கிறதே என்று ஓடி வந்துவிடுகிறோம். அடுத்த கூட்டத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பள்ளி நேரத்தில் தினம் 15 நிமிடம் ஓட்டம், சாயந்திரம் ஐந்து மணிக்குக் கேட்டைத் திறப்பது, சாவி யாரிடம் என்பது: இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.